மேல் அறைச் சுவர் காயும்வரை

கொலோன்
12 நவம்பர்

அன்புள்ள அக்கா,

இந்தக் கடிதத்தை யாருக்கும் காட்டவேண்டாம். அஷ்வின் அத்தானுக்கும் வேண்டாம். வாசித்ததும் கிழித்துவிடுங்கள். நீங்கள் கிழிக்கமாட்டீர்கள் என்று தெரியும், ஆகவே நீங்கள் வேலை செய்யும் ஆஸ்பத்திரியில் உங்களுக்குத் தந்திருக்கும் அலுமாரியில் வைத்துப் பூட்டுங்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

நான் சுகம். நீங்கள் சுகமா? இரவு வேலை இன்னும் தருகிறார்களா? அம்மாவுக்கு முழங்கால் நோ, மற்றப்படி சுகம். அப்பாவின் சுகத்தை நான் கேட்பதில்லை, அவரும் சொல்வதில்லை.

நீங்கள் அத்தானைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு ஸ்டுட்கார்ட்டுக்குப் போன நாளிலிருந்து அப்பா என் கைபேசியைத் தினமும் வாங்கிப் பார்க்கிறார். அதனால்தான் கடிதம். அப்பாவுக்கு இந்தக் கிழமை இரவு வேலை, அம்மா நித்திரை. பதிலை என் சிநேகிதி லேனாவின் வீட்டுக்குப் போடுங்கள். விலாசம் உறையில் இருக்கிறது. என் தமிழில் பிழை இருந்தால் சிவப்புப் பேனையால் திருத்தி அனுப்பவேண்டாம். நீங்கள் இப்போது என் தமிழ்ப் பள்ளி ரீச்சர் இல்லை.

கோடையில் அப்பா ஒரு பழைய வீடு வாங்கினார். அம்மா சொல்லியிருப்பாரோ தெரியாது. என் பள்ளிக்கூட பஸ் போகும் பாதையில் இருக்கிறது. வீட்டுத் திறப்பு கைக்கு வந்த கிழமையே ஊரில் பெரியப்பா செத்துப்போனார். ஆண்டுத் திவசம் முடியாமல் பால் காய்ச்சக்கூடாதாம். பால் காய்ச்சாத வீட்டில் ஒரு இரவுகூடப் படுக்கக்கூடாதாம். ஆகவே நாங்கள் இந்த ஃபிளாட்டுக்கு வாடகை கட்டிக்கொண்டு, ஒருவரும் இல்லாத அந்த வீட்டையும் சூடாக்குகிறோம். சூடாக்காவிட்டால் குழாயில் தண்ணீர் உறைந்து வெடித்துவிடும்.

அங்கே எல்லாம் மின்சார ஹீற்றர். மீற்றரோ காசு போட்டால்தான் ஓடும். முன்பு இருந்தவர் பில் கட்டவில்லை என்று அப்படி ஒன்றைப் பூட்டியிருக்கிறார்கள். ஒரு அட்டை உண்டு. அதில் மின்சார அலுவலகத்து இயந்திரத்தில் காசு ஏற்றிக் கொண்டுவந்து மீற்றரில் செருகவேண்டும். விரும்பினால் மாற்றித் தருகிறோம் என்றார்கள். அப்பா மறுத்துவிட்டார். “இது நல்ல மீற்றர். போட்ட காசுக்கு மேலை ஒரு சதம் திண்ணாது” என்றார். அட்டையை என்னிடம் தந்திருக்கிறார். பள்ளி விட்டு வரும்போது நான்தான் போய்ப் பார்க்கிறேன்.

எல்லா ஹீற்றரும் பனிப்பூ அடையாளத்தில் நிற்கவேண்டும், அதுதான் ஆகக் குறைந்த சூடு. ஆனால் ஏற்றும் காசு கரைந்து போகிறது. “எங்கையடி போகுது? சுவரே குடிக்குது?” என்று அப்பா கேட்கிறார். நேற்று மேல் அறைக் கதவைத் திறந்தேன். சூடு முகத்தில் அடித்தது. அந்த ஹீற்றர் ஆகக் கூடிய சூட்டில் நின்றது. நான் அதைத் தொட்டதே இல்லை. வீட்டில் ஒருவரும் இல்லை. அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்து பஸ் ஏறினேன். கார்னிவல் தொடங்கிவிட்டதால் பஸ் நிறையக் கோமாளிகள். ஒருவர் மிட்டாய் தந்தார், நான் அழுதுவிட்டேன்.

அப்பாவிடம் சொல்லவில்லை. களவாக யாராவது வந்து இருக்கிறார்களா? பெரியப்பாவாக இருக்குமா? சிரிக்காதீர்கள். அவருக்குக் குளிர் ஒத்துவராது.

உங்கள் தங்கை,
சாரங்கா


ஸ்டுட்கார்ட்
24 நவம்பர்

அன்புள்ள சாரங்கா,

நாங்கள் இருவரும் நலம். உன் கையெழுத்தைக் கண்டதும் படிக்கட்டிலேயே இருந்து வாசித்தேன். இரவு வேலை இப்போது எனக்கு இல்லை. ஏன் என்று பிறகு எழுதுகிறேன்.

சிரிக்கவேண்டாம் என்றாய், சிரித்துவிட்டேன். பெரியப்பா விசா இல்லாமல் வரமாட்டார். அவருக்கு மூன்று தரம் மறுத்தவர்கள்.

பயப்படாதே. பழைய ஹீற்றர்கள் அப்படித்தான், தாங்களாகவே கூடும். நீ மேல் அறைக்குப் போகாதே. அப்பாவிடம் சொல்லவும் வேண்டாம். மீற்றரைப் பார், அட்டையைச் செருகு, வீட்டுக்குப் போ. அம்மா நேரத்துக்குச் சாப்பிடுகிறாரா? அதை மட்டும் கவனி.

ஒன்று கேட்கவேண்டும். யன்னல் பக்கச் சுவரில் கறுப்பாகப் பூஞ்சணம் இருந்ததே, அது காய்ந்துவிட்டதா? தொட்டால் ஈரமாக இருக்கிறதா?

அத்தான் உன்னை விசாரித்தார். “உங்க தங்கச்சி லெட்டர் எழுதுற கடைசி தலைமுறை” என்கிறார். கடிதத்தைக் காட்டவில்லை, உறையை மட்டும்தான் கண்டார்.

அன்புடன்,
அக்கா


கொலோன்
9 டிசம்பர்

அன்புள்ள அக்கா,

நான் சுகம். நீங்கள் சுகமாக இருப்பதாக எழுதினீர்கள், சந்தோசம். ஆனால் பூஞ்சணத்தைப் பற்றி நான் உங்களுக்கு எழுதவேயில்லை.

உங்கள் கடிதத்தை லேனாவின் குளியலறையில் இருந்து திரும்பத் திரும்ப வாசித்தேன். பிறகு, போகாதே என்று நீங்கள் சொன்ன அறைக்குப் போனேன். அன்று கடைசிப் பாடம் இல்லை, வழக்கத்துக்கு முன்பே போய்விட்டேன். வாசலில் அம்மாவின் சப்பாத்து.

அம்மா மேல் அறையில் நிலத்தில் இருந்து, வினாகிரியில் நனைத்த துணியால் சுவரைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஒரு பக்கம் கறுப்பு, ஒரு பக்கம் வெள்ளை. விடிய எழும்பி நான்கு அலுவலகங்கள் கூட்டித் துடைத்துவிட்டு, பிறகு இங்கேயும் வந்து துடைக்கிறார். என்னைக் கண்டதும் எழும்ப முயன்றார், முழங்கால் விடவில்லை.

“பள்ளிக்கூடம் இல்லையோ?”

“அம்மா, நீங்களோ ஹீற்றரைக் கூட்டுறது?”

“ஈரச் சுவரடி. சூடு காட்டாட்டிக் காயாது.”

“ஆர் இருக்கப் போகினம் எண்டு காய வைக்கிறியள்?”

“கண்டது கண்டதோடை இருக்கட்டும். அப்பாவுக்குச் சொல்லிப்போடாதை.”

மூலையில் ஒரு அட்டைப் பெட்டி. அதற்குள் வெள்ளைத் துணிகள், கிழிந்த பழைய சேலைகள் தோய்த்து மடித்தபடி. ஒரு தகர ரின் நிறையத் தூள். மஞ்சளும் மிளகும் மணந்தது, ஆனால் கறித்தூள் இல்லை. அம்மா மூடியைப் பறித்து மூடிவிட்டார்.

அக்கா, அம்மா அப்பாவை விட்டுவிட்டு அங்கே தனியாக வந்து இருக்கப் போகிறாரா? உங்களுக்குத் தெரியும். தெரியாமல் சுவரைப் பற்றிக் கேட்டிருக்கமாட்டீர்கள். நான் அப்பாவிடம் பொய் சொல்கிறேன்.

சாரங்கா


ஸ்டுட்கார்ட்
15 டிசம்பர்

என் செல்லத் தங்கைக்கு,

சுகம் கேட்டு எழுதுவதற்கு முன் மன்னிப்புக் கேட்கவேண்டும். அம்மா எங்கும் போகவில்லை. எனக்குப் பிள்ளை பிறக்கப் போகிறது, மாசியில். உனக்குச் சொன்னால் அப்பாவின் முகத்தைப் பார்த்து நீ தடுமாறுவாய் என்று அம்மா மறித்தார்.

அம்மா அந்த வீட்டிலிருந்துதான் எனக்கு ரெலிபோன் எடுப்பார். அங்கேதான் ஒருவருக்கும் கேட்காது. அத்தானின் அம்மாவுக்குத் திருச்சியில் விசா கொடுக்கவில்லை. இங்கே ஒரே அறை, அத்தானுக்கு லீவும் இல்லை. முதல் பிள்ளைப்பேற்றுக்குத் தாய் வீட்டில்தான் பத்தியம் வைக்கவேண்டும் என்று அம்மா நிற்கிறார். ஃபிளாட்டுக்கு அப்பா விடமாட்டார். அதனால் அந்த அறை. நீ கண்ட துணிகள் பிள்ளைக்கு, தூள் பிள்ளை பெற்றவளுக்குச் சமைக்கும் பத்தியச் சரக்கு.

நான் மாட்டேன் என்றுதான் சொன்னேன். “பால் காய்ச்சாத வீடம்மா, பிள்ளைப்பேற்றுத் துடக்குத் தீட்டு வேறை, அப்பா உயிரோடை விடுவாரோ?” என்றேன். “அப்பாவுக்குப் பிறகு தெரியட்டும். பிள்ளை பெத்தவளும் பிள்ளையும் வந்து படுத்தாப் பிறகு ஆர் எழுப்பிக் கலைக்கிறது? கலைக்கட்டும் பாப்பம்” என்றார். அம்மாவின் வாயில் இப்படி ஒரு பேச்சை நான் கேட்டதேயில்லை.

எனக்கும் ஆசை வந்துவிட்டது, சாரங்கா. காலெல்லாம் வீக்கம். அம்மா வைத்துத் தரும் சுடுசோறு நினைப்பிலேயே வருகிறது. சுவர் மட்டும் காய்ந்தால் போதும். பூஞ்சணம் பிள்ளையின் நெஞ்சுக்கு ஆகாது. அதுவரை மீற்றரைப் பார்த்துக்கொள். இது உன்மேல் சுமத்தக்கூடாத பாரம், தெரியும்.

அக்கா


கொலோன்
14 ஜனவரி

அன்புள்ள அக்கா,

பொங்கல் வாழ்த்துகள். பெரியப்பாவின் துடக்கு ஆண்டு என்பதால் நாங்கள் பொங்கவில்லை. உங்கள் கால் வீக்கம் எப்படி? நிறைய நடக்கவேண்டாம். நான் சின்னம்மா ஆகப்போகிறேன் என்று லேனாவுக்கு மட்டும் சொன்னேன், அவள் என்னைக் கட்டிப்பிடித்தாள்.

கோயிலில் வைத்து, அந்த வீட்டுத் தெருவில் இருக்கும் அருட்பிரகாசம் மாமா அப்பாவைப் பகிடி பண்ணிவிட்டார். “என்ன மகேந்திரராஜா, புது வீட்டு மேல் அறையிலை லைற் எரியுது, தமிழ்ச் சங்கத்துக்குச் சொல்லாமல் குடிபூந்திட்டியளோ? சாப்பாடு தரவேணும் எண்ட பயமோ?” எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். வீட்டுக்கு வந்து சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை.

“ஆர் மேல் அறையிலை?”

அம்மா சிங்க்கில் பாத்திரம் கழுவிக்கொண்டு நின்றார். அவருடைய முதுகு அசையவில்லை, தண்ணீர் மட்டும் ஓடியது.

“நான்தான் அப்பா. அங்கை இருந்து படிக்கிறனான். இஞ்சை ரீவி சத்தம்.”

“ஆரோடை?”

“தனிய.”

“தனியப் படிக்கிறதுக்கு அவ்வளவு சூடு தேவையோ?”

அவ்வளவுதான். வேறு ஒன்றும் இல்லை. அட்டையை வாங்கிவிட்டார், இனித் தானே காசு ஏற்றுவாராம். கைபேசியையும் வைத்துக்கொண்டார். வகுப்போடு போகும் சுற்றுலாவுக்கு நான் போகவில்லை, எனக்கும் பெரிய விருப்பம் இருக்கவில்லை. மற்றப்படி எல்லாம் வழமைபோல. நீங்கள் யோசிக்கவேண்டாம்.

சுவரின் கறுப்பு முக்கால்வாசி போய்விட்டது.

சாரங்கா


ஸ்டுட்கார்ட்
22 ஜனவரி

சாரங்கா,

அவ்வளவுதானா? அம்மா நேற்று ரெலிபோனில் அழுது அழுது எல்லாம் சொல்லிவிட்டார். தமிழ்ப் பள்ளியில் படிக்கும் ஜெனிஸ்டனின் பெயரைச் சொல்லி அப்பா உன்னைக் கேட்டதும், ஆவணியில் திவசத்துக்கு ஊருக்குப் போகும்போது உன்னை அத்தை வீட்டிலேயே விட்டுவிட்டு வரப்போவதும், பத்தாம் வகுப்போடு இந்தப் படிப்புப் போதும் என்றதும். இதில் ஒரு வரிகூட எனக்கு எழுத உனக்கு மனம் வரவில்லையா?

அம்மாமேலும் எனக்குக் கோபம். “நான் வாயைத் திறந்தால் உன்ரை அறை போயிடும் பிள்ளை” என்கிறார். என் அறைக்காக உன்னை விற்கலாமா? நான் அப்பாவுக்கு ரெலிபோன் எடுத்துச் சொல்லப்போகிறேன். எடுக்காவிட்டால் அவருடைய வேலைத்தலத்துக்கு எடுப்பேன். ஹீற்றரை நிறுத்தச் சொல்.

சாப்பிடுகிறாயா? அதையாவது உண்மையாக எழுது.

அக்கா


கொலோன்
4 பெப்ரவரி

அன்புள்ள அக்கா,

வேண்டாம். தயவுசெய்து எடுக்கவேண்டாம். உங்கள் குரலைக் கேட்டால் அப்பா ரெலிபோனை வைத்துவிட்டு அம்மாவின் பக்கம்தான் திரும்புவார். உங்களுக்குப் பிள்ளை பிறந்து நீங்கள் இங்கே வந்து சேரும்வரை நான் பொறுத்துக்கொள்வேன்.

சாப்பிடுகிறேன். நித்திரைதான் இல்லை.

ஜெனிஸ்டனோடு நான் பேசியதுகூட இல்லை. அவன் ஏதோ கேள்விப்பட்டு, தமிழ்ப் பள்ளிக்கே வருவதில்லை. அப்பா அட்டையைச் சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறார். குழாய் உறையாமல் இருக்க எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுதான் ஏற்றுகிறார். சென்ற கிழமை கடும் குளிர். சனிக்கிழமை காசு முடிந்து எல்லா ஹீற்றரும் நின்றுவிட்டன. அப்பாவுக்கு அன்று இரட்டை வேலை. திங்கட்கிழமைதான் போய்ச் செருகினார். குழாய் தப்பிவிட்டது. மேல் அறைச் சுவர் மறுபடி வேர்த்துவிட்டது. அம்மா துடைத்த இடத்திலெல்லாம் புள்ளி புள்ளியாகக் கறுப்பு. அம்மா அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். “இனி ஏலாது” என்று ஒரு சொல்தான் சொன்னார். பிறகு துணியை நனைத்தார்.

எனக்கு ஊரில் தங்கப் பயம், அக்கா. அத்தை நல்லவர்தான். ஆனால் நான் உயிரியல் எடுத்து மேலே படிக்கவேண்டும், இங்கே. இரவில் ஆவணி மாதத்தை எண்ணிக்கொண்டு கிடப்பேன். அப்பாவுக்கு உண்மையைச் சொல்லிவிடலாமா என்று நினைப்பேன், பிறகு அம்மா நிலத்தில் இருந்து துடைப்பது கண்ணுக்கு வரும்.

இந்தக் கடிதத்தையும் ஒருவருக்கும் காட்டவேண்டாம்.

சாரங்கா


ஸ்டுட்கார்ட்
17 பெப்ரவரி

அன்புள்ள சாரங்கா,

பொம்பிளைப் பிள்ளை. நாள் தள்ளிப்போகாமல் வந்துவிட்டாள். நான் சுகம், தையல் மட்டும் நோகிறது. உன்னைப்போலக் காது.

ஆஸ்பத்திரியில் தயிரும் பாணும் தந்தார்கள். அத்தான் யூரியூப் பார்த்துப் பூண்டுக் குழம்பு வைத்தார். கண்ணீர் வந்தது, உறைப்பால்.

நான் அங்கே வரமாட்டேன். யோசித்துத்தான் எழுதுகிறேன். நீ பழி சுமந்து காய வைத்த சுவரின் கீழே நான் படுத்துச் சாப்பிட்டால் அது உடம்பில் ஒட்டாது. கள்ளியைப்போலப் பின்கதவால் வந்து என் பிள்ளையைக் கிடத்தவும் மனமில்லை. அப்பா கூப்பிட்டால் வருவேன். அவர் கூப்பிடமாட்டார் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆகவே ஹீற்றரைக் குறைத்துவிட்டு, அப்பாவிடம் உள்ளதைச் சொல். இனி மறைக்க ஒன்றுமில்லை.

அம்மாவுக்கும் சொல்லிவிட்டேன். ரெலிபோனை வைத்துவிட்டார்.

பிள்ளை அழுகிறாள்.

அக்கா


கொலோன்
2 மார்ச்

அன்புள்ள அக்கா,

நீங்களும் பிள்ளையும் சுகமா? தையல் ஆறிவிட்டதா? இதை மிக மெதுவாக எழுதுகிறேன். அப்பாவுக்கு இப்போது பகல் வேலை, பக்கத்து அறையில்தான் படுத்திருக்கிறார்.

நீங்கள் சொல்லச் சொன்னதை நான் சொல்லவில்லை. தைரியம் வரவில்லை. ஆனால் சென்ற சனிக்கிழமை அப்பா, “வா, எங்கை இருந்து படிக்கிறனி எண்டு காட்டு” என்று என்னைக் கூட்டிக்கொண்டு போனார்.

மேல் அறையில் மேசை இல்லை, கதிரை இல்லை. சுவரையும் வினாகிரிப் போத்தலையும் பார்த்தார். பிறகு பெட்டியைத் திறந்தார். சேலைத் துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தார். ரின்னைத் திறந்து மணந்தார். கொஞ்சம் விரலில் எடுத்து நாக்கில் வைத்தார்.

“மிளகு காணாது” என்றார்.

நான் வெளியே கிடந்த துணிகளை மடிக்கத் தொடங்கினேன்.

“உன்ரை அக்கா பிறக்கேக்கை நாங்கள் அகதிகளை வைச்சிருக்கிற ஹைமிலை. ஆர் இருந்தது? மாமியோ, மச்சாளோ? நான்தான் வறுத்து இடிச்சனான், போத்தலாலை உருட்டி. ஹைம் முழுக்கத் தும்மினது. பக்கத்து அறை அல்பானியாக்காரன் பொலிசுக்கு ரெலிபோன் அடிக்கப் போனவன்.” சிரிக்கப்போகிறார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. “எப்பவாம்?”

“பிறந்திட்டுது அப்பா. பொம்பிளைப் பிள்ளை.”

அப்பா படிக்கட்டில் போய் இருந்துவிட்டார். கீழே குளிர்சாதனப் பெட்டி வைக்கும் வெறும் மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “அப்ப பெடியன் ஒருத்தனும் இல்லை” என்றார். நான் இல்லை என்றேன். “ம்” என்றார். மன்னிப்பு என்று ஒரு சொல் இல்லை. வீட்டுக்கு வந்து அம்மாவிடமும் ஒன்றும் கேட்கவில்லை. அம்மா சோறு போட்டார், சாப்பிட்டார்.

அட்டை இன்னும் அவரிடம்தான். ஆனால் வெள்ளிக்கிழமை பள்ளி விட்டு வரும்போது மீற்றரைப் பார்த்தேன். இந்தக் குளிர்காலம் முழுக்க அந்தச் சின்னத் திரையில் அவ்வளவு காசை நான் கண்டதில்லை. மேல் அறை ஹீற்றர் ஆகக் கூடிய சூட்டில் நின்றது. அம்மாவைக் கேட்டேன், தான் அந்தப் பக்கமே போகவில்லை என்றார். சுவரைத் தொட்டுப் பார்த்தேன், காய்ந்திருக்கிறது. ரின் பெட்டியில் இல்லை.

ஒருவரும் இல்லாத வீடு சூடாக இருக்கிறது, அக்கா. அப்பா கூப்பிட்டால் வருவேன் என்கிறீர்கள் நீங்கள். அவர் அட்டையில் காசை ஏற்றிவிட்டு வந்து பேசாமல் படுக்கிறார். நான் இரண்டு பேருக்கும் நடுவில் நின்று களைத்துவிட்டேன். எனக்குப் பதினாறு வயது, தலையிடி அம்மாவுடையதுபோல வருகிறது.

வாருங்கள். உங்களுக்காக மட்டும் கேட்கவில்லை. ஆவணியைப் பற்றி அப்பா இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. அத்தை வீட்டில் என்னை விடுவதில்லை என்றும் சொல்லவில்லை. நீங்கள் வந்து அந்த அறையில் படுத்தால் அம்மாவுக்கு என் உதவி வேண்டும். துணி தோய்க்க, பிள்ளையைத் தூக்க, உங்களுக்குத் தண்ணீர் சுடவைக்க. பிறகு என்னை எங்கேயும் கொண்டுபோய் விடமுடியாது. நான் சுயநலமாகத்தான் கேட்கிறேன், நீங்கள் கோபித்தாலும்

யாரோ கதவைத் தட்டுகிறார்கள். அம்மா தட்டமாட்டார், வெளியில் நின்று பேர் சொல்லுவார். அப்பா தட்டாமல் நேரே திறந்துகொண்டுதான் வருவார்.

மறுபடியும். மெதுவாக.

அக்கா, அப்பாதான். கையில் அந்த ரின், மிளகு மணக்கிறது. உள்ளே வராமல் நிற்கிற